பல் எனாமலின் தனிம அளவை எஸ்இஎம்-இடிஎஸ் கருவியில் சரியாக எடுப்பது எப்படி

எலக்ட்ரான் கற்றை பட்டு மாதிரியிலிருந்து எழும் எக்ஸ் கதிர்களின் ஆற்றலை வைத்துத் தனிமங்களை அறியும் கருவி இடிஎஸ். எனாமல் (பல்லின் கடினமான வெளியுறை) துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் (எஸ்இஎம்) வைத்து, இடிஎஸ் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் அட்டவணை வந்துவிடும். கால்சியம் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு, ஆக்சிஜன் இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் சரியாக 100. பரப்பு மேடுபள்ளமாக இருந்தாலும் அந்த 100 வரும். தங்கப் பூச்சு பாஸ்பரசை மறைத்திருந்தாலும் வரும். மாதிரி மின்னேற்றம் பிடித்து நிறமாலையே, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ் கதிர் என்று காட்டும் வரைகோடே, கெட்டிருந்தாலும் வரும். ஆகவே இந்த வேலையில் கடினமான பகுதி எண்ணைப் பெறுவது அல்ல. வந்த எண் பல்லைப் பற்றியதா, அல்லது பூச்சு, பாலிஷ், மென்பொருள் ஆகியவற்றைப் பற்றியதா என்று பிரித்தறிவதுதான். அந்தப் பிரித்தறிதலில் பெரும்பங்கு கருவியைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

மனதில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

முதிர்ந்த எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. மீதி 3 சதவீதம் நீர், 1 சதவீதம் கரிமப் பொருள். தாது ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டை ஒத்தது. சுத்தமான ஹைட்ராக்சிஅபடைட்டில் கால்சியம் 39.9, பாஸ்பரஸ் 18.5, ஆக்சிஜன் 41.4 எடைச் சதவீதம், ஹைட்ரஜன் 0.2. எனாமலில் இருப்பது அந்தச் சுத்தமான பொருள் அல்ல. பாஸ்பேட்டின் இடத்தில் ஓரளவு கார்பனேட் அமர்ந்திருக்கிறது, கால்சியத்தின் இடத்தில் கொஞ்சம் சோடியமும் மக்னீசியமும், ஹைட்ராக்சிலின் இடத்தில் கொஞ்சம் குளோரினும் ஃபுளூரினும். சோடியம், மக்னீசியம், குளோரின் மூன்றும் ஒரு சதவீதத்துக்கும் கீழே, சில பத்தில் ஒரு பங்குகள் என்ற அளவில் இருக்கும்.

கால்சியம்–பாஸ்பரஸ் விகிதத்தை எழுதும்போது அது அணு விகிதமா எடை விகிதமா என்று சொல்லாமல் விடுவது இத்துறையில் மிகப் பரவலான பிழை. ஹைட்ராக்சிஅபடைட்டுக்கு அணு விகிதம் 1.67, எடை விகிதம் 2.16. எடை விகிதத்தை 1.294-ஆல் வகுத்தால் அணு விகிதம் கிடைக்கும். ஒருவர் 2.1 என்றும் இன்னொருவர் 1.63 என்றும் எழுதியிருந்தால் இருவரும் ஒரே பல்லைத்தான் பார்த்திருக்கலாம்.

கருவியின் எல்லையையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இடிஎஸ் சாதாரணமாகக் காணக்கூடிய குறைந்தபட்ச அளவு எடையில் 0.1 சதவீதம். எனாமலின் உட்பகுதியில் ஃபுளூரைடு பத்து இலட்சத்தில் சில பத்துகள் முதல் நூறு வரை என்ற அளவில்தான் இருக்கிறது. வெளிப்பரப்பின் சில மைக்ரான் தடிமனில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டலாம். ஸ்ட்ரான்ஷியம், துத்தநாகம், ஈயம் ஆகியவையும் இடிஎஸ்ஸின் எட்டாத கீழ்மட்டத்தில் இருப்பவை. நிறமாலையில் மென்பொருள் "ஈயம் 0.08" என்று போட்டால் அதை நீக்க வேண்டுமே தவிர அட்டவணையில் ஏற்றக் கூடாது. இத்தகைய தனிமங்களுக்கு அலைநீளப் பிரிப்பு முறை, லேசர் நீக்க நிறை நிறமாலை போன்றவைதான் வழி. ஹைட்ரஜன் எக்ஸ் கதிரே தராது. எனவே ஹைட்ராக்சிலும் நீரும் இக்கருவிக்குத் தெரியாது.

பல்லைச் சேமிப்பதிலேயே அளவு மாறிவிடும்

பிடுங்கிய பற்களை நெறிமுறைக் குழு ஒப்புதலும் உரியவரின் சம்மதமும் பெற்றே எடுக்க வேண்டும். தொற்றுப் பொருளாகக் கருதியே கையாள வேண்டும். பாதரசக் கலவை நிரப்பிய பல்லை ஆட்டோகிளேவில் (நீராவிக் கிருமிநீக்கி) போடக் கூடாது; பாதரச ஆவி வெளியேறும். அத்தகைய பற்களுக்கு 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவைக்கும் முறை இருக்கிறது.

சேமிப்புத் திரவம் எதுவோ அது எனாமலுடன் கொடுக்கல் வாங்கல் செய்யும். உப்புக் கரைசலில் வைத்தால் சோடியமும் குளோரினும் பரப்பில் படியும். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் வைத்தால் அவற்றோடு பாஸ்பரசும் சேரும். அளக்கப்போகும் தனிமத்தையே ஊற்றி வைப்பதற்குச் சமம். ஹைப்போகுளோரைட்டில் நெடுநேரம் ஊறிய பல்லின் சோடியம், குளோரின் எண்களுக்கு மதிப்பில்லை. கிருமி வளராமல் தடுக்கும் தைமால் 0.1 சதவீதம் கலந்த வாலை வடிநீர் பொருத்தமானது. அதையும் குளிர்பெட்டியில் வைத்து, எத்தனை நாள் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பற்களும் ஏறத்தாழ ஒரே காலம் ஊறியிருந்தால்தான் ஒப்பிட முடியும்.

அறுப்பதற்குக் குறைவேக வைர ரம்பம், நீர்க் குளிர்ச்சியுடன். கடைவாய்ப் பல்லானால் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கமாக, குமிழின் (மெல்லும் பரப்பிலுள்ள மேட்டின்) உச்சி வழியே நெடுக்காக வெட்டினால் எனாமலின் முழுத் தடிமனும் கிடைக்கும். உச்சியில் அது 2.5 மி.மீ. வரை இருக்கும். வெட்டு சாய்வாகப் போனால் தடிமன் பொய்யாகக் கூடித் தெரியும், ஆழவாரியான வரைகோடும் நீண்டு இழுபடும்.

வடிவத்தைப் பார்ப்பதற்காக அமிலத்தால் அரிக்கும் பழக்கத்தைத் தனிம அளவீட்டு மாதிரியில் அறவே தவிர்க்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் பரப்பை மேடுபள்ளமாக்குவதோடு பாஸ்பரசையும் விட்டுச் செல்லும். எனாமலைக் கட்டமைக்கும் நுண்ணிய கோல்களின் படம் வேண்டுமானால் அதே பல்லின் மற்றப் பாதியை அரித்துப் பார்க்கலாம்.

பதித்தலும் பாலிஷும்

இடிஎஸ் திருத்தக் கணக்குகள் அனைத்தும் தட்டையான, கற்றைக்குச் செங்குத்தான பரப்பை அடிப்படையாகக் கொண்டவை. பள்ளத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர் கூடுதல் தூரம் பொருளுக்குள் கடந்து வர வேண்டியிருக்கும். வழியில் குறைந்த ஆற்றல் கதிர்களே அதிகம் விழுங்கப்படும். சோடியம், மக்னீசியம் முதலில் அடிபடும். பாஸ்பரஸ் கால்சியத்தைவிடக் கூடுதலாக அடிபடும். விளைவு: விகிதம் உயர்ந்து தெரியும். மறுபக்கச் சரிவில் கதிருக்குப் பாதை குறுகுவதால் விகிதம் எதிர்த்திசையில் நகரும். பாலிஷ் செய்யாத இயற்கைப் பரப்பில் எடுத்த எண்களை "இருக்கிறது, இல்லை" என்ற அளவில் மட்டுமே பேச வேண்டும்.

பதிப்பதற்கு முன் 50, 70, 90, 100 சதவீத எத்தனாலில் படிப்படியாக நீர் நீக்கவும். ஒவ்வொன்றிலும் சில மணி நேரம் போதும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் தந்தினி (எனாமலுக்கு அடியிலுள்ள பல் பகுதி) சுருங்கி, எனாமல் சந்திப்பில் பிளவு விடும். அந்தப் பிளவு வெற்றிட அறைக்குள் இன்னும் அகலும். பிறகு குளிர்நிலையில் இறுகும் எபாக்ஸியில் வெற்றிடத்தின் கீழ் பதிக்கவும். சொத்தைப் பகுதியை ஆராய்வதானால் வெற்றிட ஊடுருவல் கட்டாயம்; காரணம் பின்னால் வருகிறது.

எபாக்ஸியில் ஒரு மறைந்த சிக்கல் உண்டு: பல வகைகளில் தயாரிப்பின் எச்சமாகக் குளோரின் இருக்கிறது. எனாமலில் குளோரினை அளக்கும் நோக்கம் இருந்தால் முதலில் வெறும் ரெசின்மீது ஒரு நிறமாலை எடுத்துப் பாருங்கள். அங்கே குளோரினுக்குரிய 2.62 கேஇவியில் (கிலோ எலக்ட்ரான்வோல்ட், கதிரின் ஆற்றல் அலகு) தெளிவான முகடு தெரிந்தால், துளையுள்ள பகுதியிலும் விளிம்பிலும் கிடைக்கும் குளோரின் மதிப்பு பல்லினுடையது அல்ல.

சிலிக்கன் கார்பைடு உரைதாள், மணி எண் 600, 1200, 2000, 4000. ஒவ்வொரு படியிலும் மாதிரியை 90 பாகை திருப்பி, முந்தைய கீறல்கள் முழுதாக மறையும்வரை தேய்க்கவும். அதன்பின் துணித்தட்டில் வைரப் பசை: 3 மைக்ரான், 1 மைக்ரான், 0.25 மைக்ரான். படிகளுக்கிடையே வடிநீரில் இரண்டு மூன்று நிமிடம் மீயொலிக் கழுவல்; அதற்குமேல் போனால் பழைய வெடிப்புகள் திறந்துகொள்ளும். பயன்படுத்தும் நீர் அமிலத்தன்மை இல்லாததாக இருக்க வேண்டும்.

கடைசிப் பளபளப்புக்குக் கூழ்ம சிலிக்காவை எடுக்கத் தோன்றும். வேண்டாம். அது வெடிப்புகளில் தங்கி சிலிக்கன் முகடு தரும். அதன் கரைசலில் பெரும்பாலும் சோடியமும் இருக்கும். அலுமினா தூள் அலுமினியத்தை விட்டுச் செல்லும். வைரம் விட்டுச் செல்வது கார்பன் மட்டுமே; கார்பனை எப்படியும் நாம் அளக்கப்போவதில்லை.

எனாமல் கடினம், தந்தினி மென்மை, ரெசின் அதைவிட மென்மை. நீண்ட நேரம் துணித்தட்டில் வைத்தால் மென்மையானது குழிந்து, எனாமலின் வெளி விளிம்பு உருண்டுவிடும். கடினமான துணி, குறைந்த நேரம், லேசான அழுத்தம். விளிம்பு உருண்டிருக்கிறதா என்று ஒளி நுண்ணோக்கியிலேயே பார்த்துவிடலாம்: எனாமலும் ரெசினும் ஒரே குவியத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பூச்சு: தங்கம் வேண்டாம்

எனாமல் மின்கடத்தாப் பொருள், பூச்சு தேவை. படம் எடுக்கத் தங்கமும் பிளாட்டினமும் அருமையானவை. இந்த அளவீட்டுக்கு அவை தீங்கு. ஒரு தனிமம் தரும் எக்ஸ் கதிர்களை, அவை எழும் எலக்ட்ரான் கூட்டைப் பொறுத்து கே, எல், எம் என்று அழைப்பார்கள். பாஸ்பரசின் கே ஆல்ஃபா கதிர் 2.01 கேஇவி. தங்கத்தின் எம் கதிர் 2.12, பிளாட்டினத்தின் எம் கதிர் 2.05. இடிஎஸ் டிடெக்டரின் பிரிதிறன், மாங்கனீசின் 5.9 கேஇவி கதிரில் சொல்லப்படுவது, 125 முதல் 130 எலக்ட்ரான்வோல்ட். பாஸ்பரஸ் பகுதியில் அது இன்னும் கூர்மையாக இருந்தாலும் தங்கத்தைத் தெளிவாகப் பிரிக்கப் போதாது, பிளாட்டினத்தைப் பிரிக்கவே முடியாது. மென்பொருள் கணக்கிட்டுப் பிரித்துத் தரும் என்றாலும், அந்தப் பிரிப்பின் பிழை முழுவதும் விகிதத்தின் கீழ்ப்பாதியில் போய் உட்கார்ந்துவிடும்.

கார்பன் பூச்சு, 15 முதல் 20 நானோமீட்டர். பக்கத்தில் பாலிஷ் செய்த பித்தளைத் துண்டு ஒன்றை வைத்துப் பூசினால் அதன் நிறம் தடிமனைச் சொல்லும்: ஆரஞ்சிலிருந்து சிவப்பு கலந்த ஊதாவுக்கு வரும்போது நிறுத்தவும், நீலத்துக்கும் அதைத் தாண்டிப் பச்சைக்கும் போனால் பூச்சு தடித்துவிட்டது. ஒப்பீட்டு மாதிரியையும் பல்லையும் ஒரே தடவையில் சேர்த்துப் பூசுங்கள். தனித்தனியாகப் பூசினால் குறைந்த ஆற்றல் கதிர்களில் வித்தியாசம் வரும்.

ரெசின் பரப்பிலிருந்து உலோகத் தாங்கிவரை கார்பன் நாடாவாலோ கார்பன் பசையாலோ பாலம் போட மறக்கக் கூடாது. பூச்சு இருந்தும் மின்னேற்றம் வருவதற்கு இந்தப் பாலம் இல்லாததுதான் வழக்கமான காரணம்.

பூச்சே இல்லாமல் குறைவெற்றிட நிலையில் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், ஆனால் அறைக்குள் இருக்கும் வாயு எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும். சிதறியவை குறிவைத்த புள்ளியிலிருந்து வெகு தொலைவில், தந்தினியிலும் ரெசினிலும் போய் விழுந்து அங்கிருந்தும் கதிர் எழுப்பும். ஆழவாரியான மாற்றத்தைத் தேடும்போது இது ஏற்க முடியாத பிழை.

கருவியை அமைத்தல்

முடுக்கு மின்னழுத்தம் 15 கிலோவோல்ட் நல்ல தொடக்கம். கால்சியத்தின் கே விளிம்பு, அதாவது அதன் கே கதிரை எழுப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 4.04 கேஇவி, அதைப்போல் மூன்றரை மடங்குக்குமேல் கற்றை ஆற்றல் இருப்பதால் முகடு வலுவாக வரும். அந்த ஆற்றலில் எலக்ட்ரான்கள் எனாமலுக்குள் ஏறத்தாழ 2.3 மைக்ரான் பாயும். 20 கிலோவோல்ட்டில் இது 3.7 மைக்ரான், 10-இல் 1.2, 5-இல் 0.4 மைக்ரானுக்கும் கீழே. எனாமல் கோலின் குறுக்களவு ஏறத்தாழ 5 மைக்ரான். கோல்களுக்கிடையிலான பகுதி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே படத்தில் 20 நானோமீட்டர் நுணுக்கம் தெரிவதால் அளவும் அந்த நுணுக்கத்தில் வருகிறது என்று எண்ணக் கூடாது. படத்தை உருவாக்குவது பரப்பிலிருந்து வரும் எலக்ட்ரான். அளவைத் தருவது இரண்டு மைக்ரான் அகல ஆழமுள்ள, எலக்ட்ரான்கள் பாய்ந்து பரவும் ஒரு கனப் பகுதி.

கற்றை மின்னோட்டம் 0.5 முதல் 1 நானோஆம்பியர், ஃபாரடே கிண்ணத்தில் (கற்றையை முழுதாக விழுங்கி மின்னோட்டத்தைக் காட்டும் சிறு குழி) அளந்து குறித்தது. வேலைத் தூரம் உங்கள் கருவியின் உற்பத்தியாளர் இடிஎஸ்ஸுக்கென்று குறிப்பிட்ட தூரமே, பெரும்பாலும் 10 மி.மீ. அருகில், அரை மில்லிமீட்டர்கூட விலக வேண்டாம். சாய்வு 0 பாகை. டெட் டைம் (டிடெக்டர் புதிய கதிரை ஏற்க முடியாத நேரப் பங்கு) 20 முதல் 30 சதவீதத்துக்குள். லைவ் டைம் (டிடெக்டர் உண்மையில் எண்ணிய நேரம்) 60 வினாடி. சோடியம், மக்னீசியம் முக்கியமென்றால் 100 வினாடிக்கு மேல். சமிக்ஞை செயலாக்க நேரத்தை நீளமாக வைத்தால் பிரிதிறன் கூடும். அளவீட்டுக்கு அதுவே நல்லது, வரைபடத்துக்குக் குறுகியது.

எண்ணிக்கைப் புள்ளியியல் எளிது: 10,000 எண்ணிக்கையில் 1 சதவீதப் பிழை. கால்சியம், பாஸ்பரஸ் இரண்டிலும் 1 சதவீதம் என்றால் விகிதத்தில் 1.4 சதவீதம், அதாவது 1.63 ஒன்றில் 0.02. இரு பற்களுக்கிடையே 0.01 வித்தியாசம் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த எண்ணிக்கை போதாது. 

ஆற்றல் அளவுகோலைச் செம்பின் 0.93, 8.04 கேஇவி கதிர்களைக் கொண்டு தினமும் சரிசெய்யுங்கள். அதன்பின் எனாமலில் ஒரு சோதனை நிறமாலை எடுத்து, செங்குத்து அளவை மடக்கை முறைக்கு மாற்றி, பின்னணிக் கதிர்வீச்சு எங்கே முடிகிறது என்று பாருங்கள். 15 கிலோவோல்ட் கற்றைக்கு அது 15 கேஇவியில் முடிய வேண்டும். 12-இலோ 13-இலோ முடிந்தால் மாதிரி மின்னேற்றம் பிடித்திருக்கிறது. எலக்ட்ரான்கள் பரப்பை அடையுமுன்பே வேகம் இழக்கின்றன. படம் நன்றாகத் தெரிகிறது என்பது மின்னேற்றம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அரை நிமிடமே பிடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு நாள் முழுக்க எடுத்த தரவைப் பின்னால் காப்பாற்ற வழியே இல்லை.

ஒன்றின்மேல் ஒன்று ஏறும் முகடுகள்

எனாமல் நிறமாலை பார்க்க எளிமையானது. ஆக்சிஜன் 0.525, சோடியம் 1.04, மக்னீசியம் 1.25, பாஸ்பரஸ் 2.01, குளோரின் 2.62, கால்சியம் 3.69 மற்றும் 4.01. சிக்கல் இவற்றின் நிழல்களில் இருக்கிறது.

இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் டிடெக்டரைத் தொட்டால் அவற்றின் ஆற்றல் கூடி ஒற்றை முகடாகப் பதியும். ஆக்சிஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் 1.05 கேஇவி, சோடியம் இருக்க வேண்டிய இடம். பாஸ்பரசும் பாஸ்பரசும் சேர்ந்தால் 4.03, கால்சியத்தின் இரண்டாம் முகட்டின் இடம். ஆக்சிஜனும் பாஸ்பரசும் சேர்ந்தால் 2.54, குளோரினுக்கு அருகில். மென்பொருளில் கூட்டு முகடு திருத்தம் இயங்குகிறதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல், மின்னோட்டத்தைப் பாதியாக்கி மீண்டும் எடுங்கள். உண்மையான சோடியமாக இருந்தால் கால்சியத்தோடு ஒப்பிட்ட அளவு மாறாது. கூட்டு முகடாக இருந்தால் அந்த ஒப்பீட்டு அளவு குறையும்.

டிடெக்டரின் சிலிக்கன் தன் கதிரை இழப்பதால் 1.84 கேஇவிக்கு மேற்பட்ட ஒவ்வொரு முகட்டுக்கும் 1.74 கேஇவி கீழே ஒரு சிறு முகடு பிறக்கும். கால்சியத்துக்கு அது 1.95-இல் விழும், பாஸ்பரசின் தோளில். சிறியதுதான், ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகவே இழுக்கும். திருத்தத்தை அணைத்து வைக்காதீர்கள்.

கால்சியத்தின் எல் கதிர் 0.34 கேஇவியில் வருகிறது, கார்பனின் 0.28-க்கும் நைட்ரஜனின் 0.39-க்கும் நடுவில். தானியங்கி அடையாளம் இதை நைட்ரஜன் என்று சொல்லி, "எனாமல் புரதம்" என்ற முடிவுக்கு இட்டுச் செல்லும். ஃபுளூரினின் 0.677-க்கு அருகில் இரும்பின் எல் கதிர் 0.705 இருக்கிறது, எலி போன்ற கொறிணிகளின் வெட்டுப்பல் எனாமலில் இரும்புப் படலம் இயல்பாகவே உண்டு என்பதால், அங்கே "ஃபுளூரைடு அடுக்கு" கண்டதாகச் சொல்லுமுன் 6.40 கேஇவியில் இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சோடியத்துக்கருகில் துத்தநாகத்தின் எல் கதிர் 1.01 இருக்கிறது. பக்கத்தில் சிர்கோனியா நிரப்பி இருந்தால் அதன் 2.04 கதிர் பாஸ்பரசோடு கலக்கும்.

ஒப்பீட்டு மாதிரியும் கூட்டுத்தொகையும்

ஒப்பீட்டு மாதிரி இல்லாத அளவீடு தனிமங்களின் விகிதத்தை ஓரளவு சரியாகத் தரலாம். மொத்தத்தை ஒருபோதும் தராது, ஏனெனில் அது எப்போதும் 100-க்கு இழுத்துக் கட்டப்பட்டது. எனாமலுக்கு நெருங்கிய ஒப்பீடு பாலிஷ் செய்த அபடைட் படிகம். டுராங்கோ ஃபுளூர்அபடைட் பலரும் பயன்படுத்துவது. அதில் ஃபுளூரின் 3.5 சதவீதம் அளவில் இருக்கிறது. கற்றையின் கீழ் படிகத்தின் நெட்டச்சு வழியே ஃபுளூரின் நகர்வதால், நெட்டச்சு கற்றைக்குச் செங்குத்தாக இருக்குமாறு பதிக்க வேண்டும். அழுத்திய ஹைட்ராக்சிஅபடைட் பொடி வில்லை துளைகள் நிறைந்தது. வேதியியலில் சரியாக இருந்தாலும் பரப்பில் தவறு.

நாளின் தொடக்கத்திலும் முடிவிலும், இடையில் மணிக்கு ஒருமுறையும் அதே அபடைட்டைத் தெரியாத மாதிரிபோல் அளந்து பாருங்கள். கால்சியம் ஒரு சதவீதத்துக்குமேல் நகர்ந்திருந்தால் மின்னோட்டம் நகர்ந்திருக்கிறது. இடைப்பட்ட தரவைத் திருத்தவோ விலக்கவோ வேண்டும்.

ஆக்சிஜனை அளப்பதைவிட ஆக்சைடுகளாகக் கணக்கிடுவது நம்பகமானது. கார்பன் பூச்சு இருப்பதால் கார்பனைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கால்சியம் 36.5, பாஸ்பரஸ் 17.3, சோடியம் 0.6, மக்னீசியம் 0.3, குளோரின் 0.3 என்று வந்ததாகக் கொள்வோம். ஆக்சைடுகளாக மாற்றினால் 51.1, 39.6, 0.8, 0.5, குளோரினைச் சேர்த்து மொத்தம் 92.3. மீதமுள்ள ஏழெட்டு சதவீதம் கார்பனேட், நீர், ஹைட்ராக்சில், கரிமப் பொருள். இது ஆரோக்கியமான கூட்டுத்தொகை. இதையே மென்பொருள் 100-ஆக இழுத்தால் கால்சியம் 39.5 ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட சுத்தமான ஹைட்ராக்சிஅபடைட்டின் மதிப்பு. இல்லாத தூய்மையை இப்படித்தான் அட்டவணைகள் எனாமலுக்கு வழங்குகின்றன. மாறாக, கூட்டுத்தொகை 85 வந்தால் சாய்வு, குழி, மின்னேற்றம், குவியப் பிழை ஆகியவற்றில் ஒன்று இருக்கிறது. 98-க்குமேல் வந்தால் மின்னோட்டத்தைச் சோதியுங்கள். இழுக்காத கூட்டுத்தொகையை ஒவ்வொரு புள்ளிக்கும் சேமித்து வைப்பதுதான் இந்த வேலையின் கணக்குப் புத்தகம்.

புள்ளி, கோடு, வரைபடம்

ஒரே புள்ளியில் கற்றையை நிறுத்தினால் சோடியம் நகரத் தொடங்கும், தாதுவும் சேதமாகும். 20 மைக்ரான் சதுரத்தில் கற்றையை ஓட்டி எடுப்பது மேல். சோடியம் நிலையாக இருக்கிறதா என்று அறிய, ஒரே இடத்தில் பத்துப் பத்து வினாடியாக ஆறு நிறமாலைகள் தொடர்ந்து எடுங்கள். முதல் நிறமாலைக்கும் ஆறாவதற்கும் இடையே சோடியம் தொடர்ந்து இறங்கினால் மின்னோட்டத்தைக் குறையுங்கள் அல்லது சதுரத்தைப் பெரிதாக்குங்கள்.

வெளிப்பரப்பிலிருந்து தந்தினிச் சந்திப்புவரை கோடு போடுவதுதான் எனாமலில் அதிகம் சொல்லக்கூடிய அளவீடு. எனாமல் ஒரே சீரான பொருள் அல்ல. உள்ளே போகப் போகக் கால்சியமும் பாஸ்பரசும் சற்றுக் குறையும். மக்னீசியமும் சோடியமும் கார்பனேட்டும் சந்திப்பை நோக்கி உயரும். குளோரின் வெளியில் அதிகம், உள்ளே குறைவு. எனவே "எனாமலின் மக்னீசியம்" என்று ஆழம் சொல்லாமல் ஒரே எண்ணைக் கொடுப்பதில் பொருளில்லை. விளிம்பிலிருந்து குறைந்தது 5 மைக்ரான் உள்ளே தொடங்கி, 20 மைக்ரானுக்கு ஒரு புள்ளி. வெடிப்பின்மேல் விழும் புள்ளியைத் தள்ளி வையுங்கள், தள்ளியதைக் குறித்துக்கொள்ளுங்கள். குமிழ் உச்சி, பக்கச் சுவர், கழுத்துப் பகுதி மூன்றும் வேறுவேறு. ஒரு பல்லின் கழுத்தை இன்னொன்றின் உச்சியோடு ஒப்பிடக் கூடாது.

வண்ண வரைபடம் கண்ணுக்கு விருந்து, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் விழும் எண்ணிக்கை மிகக் குறைவு. எங்கே அளக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துங்கள். எல்லாத் தனிமங்களும் ஒரே இடத்தில் ஒன்றாக மங்கினால் அது வேதியியல் அல்ல, நிழல்.

சொத்தையில் விகிதம் பொய் சொல்லும்

தாது இழப்பைக் காட்டக் கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் குறைந்ததை ஆதாரமாக வைப்பது வழக்கமாகிவிட்டது. இதைத் திருத்திக்கொள்வது மிக அவசியம். அமிலம் அபடைட்டைக் கரைக்கும்போது கால்சியமும் பாஸ்பரசும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் வெளியேறுகின்றன. மூன்றில் ஒரு பங்கு தாது போன வெண்புள்ளியிலும் (சொத்தையின் தொடக்கநிலை) மிச்சமிருப்பது அபடைட்டே. விகிதம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். விகிதம் மாறுவது வேறு வகைக் கால்சியம் பாஸ்பேட் உருவாகும்போது: ப்ரூஷைட் என்றால் அணு விகிதம் 1.0, ஆக்டாகால்சியம் பாஸ்பேட் 1.33. அல்லது பாஸ்பேட்டின் இடத்தில் கார்பனேட் வரும்போது, கால்சியத்தின் இடத்தில் மக்னீசியம் வரும்போது. அல்லது பரப்பு சரியில்லாதபோது. நடைமுறையில் இதுவே அதிகம்.

தாது இழப்பைக் காண இரண்டு வழி: இழுக்காத கால்சிய எடைச் சதவீதம், பின்சிதறல் எலக்ட்ரான் (மாதிரியில் மோதித் திரும்பும் எலக்ட்ரான்) படத்தின் சாம்பல் அளவு. இரண்டுக்கும் ரெசின் ஊடுருவல் வேண்டும் என்று முன்பு சொன்னதன் காரணம் இங்கே. எக்ஸ் கதிர் அளவீடு நிறையைப் பார்க்கிறது. துளை காலியாக இருந்தால் எலக்ட்ரான் அதைக் கடந்து அடுத்த தாதுவுக்குப் போய்விடும். கால்சியச் சதவீதம் பெரிதாகக் குறையாது. துளையில் ரெசின் நிறைந்திருந்தால்தான் கார்பன் பங்கு கூடி, கால்சியம் இறங்கித் தெரியும். அப்போதும் இறக்கம் கன அளவு இழப்பைவிடச் சிறியதாகவே இருக்கும்: ரெசினின் அடர்த்தி 1.15 அளவில், எனாமலின் அடர்த்தி 3.0-க்கு அருகில். கன அளவில் 30 சதவீதம் தாது போனாலும் கால்சிய எடைச் சதவீதம் 36-இலிருந்து 31 அளவுக்குத்தான் வரும். இந்த மாற்றுக் கணக்கைச் செய்யாமல் "14 சதவீத இழப்பு" என்று எழுதிவிடக் கூடாது. 

பின்சிதறல் படத்தில் வெண்புள்ளியின் உடல் கருத்தும், மேலே சில பத்து மைக்ரான் தடிமனில் ஓரளவு முழுமையான அடுக்கு வெளிறியும் தெரியும். அளவிடும் கோடு இந்த இரண்டையும் தனித்தனியே கடக்குமாறு படத்தைப் பார்த்தே போட வேண்டும். புள்ளி இடைவெளியை இங்கே 5 மைக்ரானாகக் குறைக்கலாம்.

ஃபுளூரைடு பூசிய பரப்பில் உருவாகும் கால்சியம் ஃபுளூரைடு குருணைகள் இடிஎஸ்ஸுக்கு எட்டும் ஒரு விதிவிலக்கு. அந்தச் சேர்மத்தில் ஃபுளூரின் 48.7 சதவீதம். இவற்றுக்கு 5 கிலோவோல்ட் போதும், 15 வைத்தால் அடியிலுள்ள எனாமலே தெரியும். கற்றை ஆற்றல் 5-ஆக இருக்கும்போது கால்சியம் கே முகடு பலவீனமாக வரும் என்பதால் இதில் அளவு பேசாமல், குருணையில் ஃபுளூரின் உண்டு, பாஸ்பரஸ் இல்லை என்ற ஒப்பீட்டோடு நிறுத்துங்கள். நீரில் கழுவிப் பாலிஷ் செய்தால் அந்தக் குருணைகளே போய்விடும். அம்மாதிரியைத் தனியாக, உடைத்த குறுக்குப் பரப்பாகத் தயாரிக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒரு பல்லில் 40 புள்ளி எடுத்தாலும் மாதிரி எண்ணிக்கை 1 தான், 40 அல்ல. முதலில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொரு ஆழத்துக்கும் சராசரி. பிறகு பற்களுக்கிடையே ஒப்பீடு. 

அட்டவணையோடு இவையும் போக வேண்டும்: சேமிப்புத் திரவமும் நாட்களும், பல்லின் வகை, வெட்டிய தளம், கடைசி பாலிஷ் பொருள், பூச்சும் தடிமனும், மின்னழுத்தம், மின்னோட்டம், லைவ் டைம், ஓட்டிய பரப்பின் அளவு, ஒப்பீட்டு மாதிரி, எக்ஸ் கதிர் எண்ணிக்கையை அளவாக மாற்றும் திருத்தக் கணக்கு இசட்ஏஎஃப்பா ஃபை-ரோ-இசட்டா, இழுக்காத கூட்டுத்தொகையின் வீச்சு, விகிதம் அணுவிலா எடையிலா. எண்களின் பின்னங்களையும் கட்டுப்படுத்துங்கள்: கால்சியத்துக்கு ஒரு தசம இடம், சோடியத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. மென்பொருள் தரும் நான்கு தசம இடங்களில் கடைசி இரண்டும் அளவீட்டிலிருந்து வந்தவை அல்ல.

மாதிரியை எறியாதீர்கள். உலர்காப்புக் கலத்தில் வைத்தால் கார்பன் பூச்சு உரியாமல் இருக்கும். ஐயம் வந்தால் 1 மைக்ரான் வைரப் பசையில் அரை நிமிடம் தேய்த்து, மறுபடி பூசி, அதே கோட்டில் மீண்டும் அளக்கலாம்.